நாலாவது நிரப்பல்

நீல டிரம் பதினாறு குடம் பிடிக்கும்.
ஆதிமூலம் பால் டிப்போ உபயம்
நாலு குடம் தயிர்.

மாசி மகத்தன்று காலை ஆறரைக்கு
வைத்திக்குப்பத்துப் பந்தலில்
தயிர் நாலு, தண்ணீர் பன்னிரண்டு.
உப்பு, பெருங்காயம், நசுக்கிய இஞ்சி,
கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை.
முழங்கை வரை நனைந்து நின்ற இருசப்பன் சொன்னார்:
"மூணுல ஒரு பங்கு தயிர். கெட்டி மோர்."

"நாலுல ஒரு பங்கு" என்றேன்.

"தண்ணி மூணு பங்குதானே ஊத்துனேன்?"

"தயிரும் டிரம்முக்குள்ளதாங்க இருக்கு.
அதையும் சேத்து எண்ணணும்."

மேலும் கீழும் பார்த்தார்.
லேப்ல வேலை பாக்குற பொண்ணு என்று
எனக்காக யாரோ மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்கள்.

ஆமாம், என் பிழைப்பு அது.
ஒரு பங்கு சீரம், ஒன்பது பங்கு உப்புநீர்.
குலுக்கி, அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து
அடுத்த குழாயில் மறுபடியும் ஒன்பது.
பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று.
மார்க்கரால் எழுதாத குழாயை நம்ப மாட்டேன்,
வரிசையாக நிறுத்தினால்
எல்லாமே கண்ணுக்குத் தண்ணீர்தான்.

தீவனூர்ப் பிள்ளையார் வந்து சேர்ந்தபோது
டிரம் பாதியாகியிருந்தது.
இருசப்பன் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றி
கைநிறைய உப்பு போட்டார்.
"பாதி தீந்துது, பாதி ஊத்தியாச்சு.
கணக்கு சரியாப் போச்சு."
அவருக்கு நிறைந்த டிரம் நிறைந்த டிரம்தான்.
எனக்கு
தயிர் இரண்டு குடம்.

மயிலத்து முருகன் வந்தார். கூட்டம் இரட்டித்தது.
இன்னொரு எட்டு. தயிர் ஒரு குடம்.
பதினொன்றரைக்கு இன்னொரு எட்டு.
அரைக் குடம்.
எட்டு ஊற்றினால் அதில் இரண்டு தயிராக இருக்க வேண்டும்
என்று உதடு வரை வந்தது.
தயிருக்கு எங்கே போவது?
உப்பு மட்டும் ஒவ்வொரு தடவையும்
சரியான அளவில் விழுந்தது.
நாக்கு அதை நம்பியது.

நாலாவது நிரப்பல் ஒன்றரை மணிக்கு.
கால் குடம்.
ஒன்றுக்கு அறுபத்துமூன்று.
நாயன்மார் அத்தனை பேரும்
தண்ணீராக வந்து வரிசையில் நிற்க
நடுவில் தனியாக ஒரு பங்கு தயிர்.
ஐந்தாவது ஊற்றினால் அரைக்கால்,
அப்புறம் மாகாணி.
விடியவிடிய ஊற்றினாலும் பூஜ்ஜியம் வராது.
இந்தக் கணக்கின் கருணையா அது, களவாணித்தனமா,
எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு தவில்காரர் விரல்கூடுகளைக் கழற்றாமலே
மூன்று டம்ளர் குடித்தார்.
புறங்கையால் வாயைத் துடைத்து
நாலாவதுக்கு நீட்டினார்.
நான்தான் மொண்டு கொடுத்தேன்.

தீர்த்தவாரி முடிந்து
ஈர வேட்டியோடு ஆதிமூலம் வந்தார்.
டம்ளரை உயர்த்தி, ஒரே மூச்சில் இறக்கி,
பந்தலுக்கே கேட்கிறமாதிரி சொன்னார்:
"துளி புளிப்பில்ல பாத்தீங்களா?
நம்ம டிப்போ தயிருன்னா அப்படித்தான்."

இருசப்பன் என்னைப் பார்த்தார்.
நான் டம்ளர்களைப் பார்த்தேன்.
கழுவ வேண்டியது நிறைய இருந்தது.

சாயங்காலம் டிரம்மைக் கவிழ்த்து
மணலில் உருட்டிக்கொண்டு போனோம்.
கடல்பக்கம் இன்னும் வேட்டு வெடித்துக்கொண்டிருந்தது.
பாதி வழியில் நின்று, குரலைத் தாழ்த்தி,
"ஏம்மா, கடைசியா ஊத்துனப்ப
உள்ள எத்தனை தயிரு இருந்துது?"

"கால் குடம்."

மறுபடி உருட்ட ஆரம்பித்தார்.
பத்தடி போயிருப்போம்.

"இருந்துதுல்ல?" என்றார்.